கதைக்கு முன் இடம் பார்க்கட்டும்: விஸ்காம் துறைகளுக்கு நீலகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: காட்சித் தொடர்பியல் துறைத் தலைவர்கள், குறும்படப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரத்தில் படப்பிடிப்புக்கு இடம் பார்த்துக் கொடுப்பது, ஒலிப்பதிவு, கேமரா உதவி, வண்டி, சாப்பாடு என்று பிழைப்பவர்கள் நாங்கள். இறுதியாண்டுக் குறும்படத்துக்காக உங்கள் மாணவர்கள் மலையேறும்போது முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்றவர்களிடம்தான். ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறோம். கதைக்கு ஒப்புதல் தரும் முன்பே மாணவரை இடம் பார்த்துவரச் சொல்லுங்கள். பார்த்ததை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளுக்கு மதிப்பெண் வையுங்கள்.

இப்போது நடப்பது தலைகீழ். கோவையிலோ சென்னையிலோ உட்கார்ந்து 'காலை, மூடுபனி, தேயிலைத் தோட்டம், அவள் நடந்து வருகிறாள்' என்று எழுதி ஒப்புதல் வாங்கிவிடுகிறார்கள். வெள்ளி இரவு வாடகைக் கேமராவோடு பேருந்து ஏறினால் ஞாயிறு மாலை இறங்கியாக வேண்டும். மூடுபனி எந்த ஊரில் எத்தனை மணிக்கு வரும், தோட்டம் யாருடையது, அன்றைக்கு அது பச்சையாக இருக்குமா, அவள் பேசினால் காதில் விழுமா என்ற கேள்விகள் எல்லாம் மலைக்கு வந்த பிறகுதான் எழுகின்றன. அதற்குள் வாடகை ஓட ஆரம்பித்திருக்கும். பிள்ளைகளின் உழைப்பில் குறை சொல்ல முடியாது. அந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்கும் கட்டம் பாடத்திட்டத்தில் இல்லை, அவ்வளவுதான்.

மூடுபனியிலிருந்து தொடங்குகிறோம், பாதிக் கதைகள் மலையேறுவதே அதற்காகத்தான். நீலகிரியில் அது விளிம்பில் ஒரு விதம், உள்ளே ஒரு விதம். குன்னூர், கோத்தகிரி, கொடநாடு போன்ற விளிம்பு ஊர்களில் மழையில்லாத மாதங்களில் காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வெயில் ஏறி, கீழே மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி சூடானதும் காற்று சரிவைப் பிடித்து மேலேறும். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு டிகிரி குளிரும். காற்றில் ஈரம் இருந்தால் விளிம்புக்கு வரும்போது மேகமாகி வாசல்வரை வந்துவிடும். ஆகவே இந்த ஊர்களில் மூடுபனிக்கு மதியத்துக்கு மேல்தான் காத்திருக்க வேண்டும். உதகை, தலைகுந்தா, கேத்தி போன்ற உள்பள்ளங்களில் கதை வேறு. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை குளிர்ந்து, கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தங்கி, விடிகாலையில் படரும். டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனியாகவும் நிற்கும். வெயில் பட்டதும் சீக்கிரமே காணாமல் போய்விடும். 'காலை, மூடுபனி' என்று எழுதிய மாணவர் கோத்தகிரியில் அறை போட்டால் அந்தக் காட்சி தவறிப்போக வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன காரணத்தைத் தெரிந்துகொண்டால் காட்சியை மாலைக்கு மாற்றிவிடலாம், காசு செலவில்லை.

மழையும் இப்படித்தான் ஊரைப் பிரிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. கிழக்கே தள்ளியிருக்கும் கோத்தகிரி அந்த மாதங்களில் அவ்வளவு நனையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை வரும்போது குன்னூர், கோத்தகிரிச் சரிவுகள்தான் முதலில் வாங்கும். மண்சரிவால் மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவதும், மலை ரயில் நிற்பதும் பெரும்பாலும் அப்போதுதான். ஜனவரி, பிப்ரவரி இரண்டும் தான் சிறிய யூனிட்டுக்குப் பாதுகாப்பான மாதங்கள் என்பது எங்கள் கணிப்பு. மார்ச்சில் புல் காய்ந்து காட்டுத்தீ அபாயம் தொடங்கும், ஏப்ரலில் சீசன் கூட்டம் தொடங்கும்.

மூடுபனிக்குள் உரையாடல் காட்சியை மாஸ்டர் (காட்சி முழுவதும் அகலமாக), க்ளோஸ் (பேசுபவர் முகம்), எதிர் க்ளோஸ் (எதிரே நிற்பவர் முகம்) என்று வழக்கமான வரிசையில் எடுத்தால் எடிட்டில் ஒட்டாது. மாஸ்டரில் இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. க்ளோஸுக்கு ட்ரைபாடை நகர்த்துவதற்குள் பின்னால் எதிர்மலையே தெரியும். வழி இரண்டு. பனி வந்ததும் அகலக் காட்சியை மட்டும் முழு வசனத்தோடு எடுத்துவிட்டு, க்ளோஸ் காட்சிகளைப் பின்னணி பத்தடிக்குள் முடியும் இடத்தில், ஒரு மண்மேட்டின் முன்போ தேயிலைச் சரிவை ஒட்டியோ வைப்பது ஒரு வழி. அங்கே பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் கொஞ்சம்தான். இன்னொன்று, நல்ல செல்போன் ஒன்றை இரண்டாவது கேமராவாக வைத்து இரண்டு கோணத்தையும் ஒரே டேக்கில் பிடிப்பது. எந்த வழியிலும் ஆட்டோ எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். வெள்ளையான பனியைப் பார்த்து கேமரா தானாக இருட்டாக்கும் என்பதால் மீட்டர் சொல்வதைவிட முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). ஆட்டோஃபோகஸ் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் தேடும். ஒயிட் பேலன்ஸை 5,600 கெல்வினில் பூட்டாவிட்டால் ஒவ்வொரு ஷாட்டும் ஒரு நிறத்தில் வரும்.

வாயிலிருந்து வரும் ஆவியும் கன்டினியூட்டிதான், ஷாட்டுக்கு ஷாட் ஒத்துப்போக வேண்டும். ஏழு மணி ஷாட்டில் பேசும்போது புகை வரும், பத்து மணிக்கு வராது. காட்சிக்கு ஆவி வேண்டாம் என்றால் டேக்குக்கு முன் நடிப்பவருக்கு டீ கொடுக்காமல் குளிர்ந்த நீரை வாயில் வைத்துத் துப்பச் சொல்லுங்கள். வேண்டும் என்றால் சூடான டீயும், பின்னாலிருந்து விழும் வெளிச்சமும் போதும். 2,000 மீட்டர் உயரத்தில் வெயில் சுடாததுபோல் இருந்தாலும் முகம் ஒரே நாளில் கருத்துவிடும், உதடு வெடிக்கும். முதல் நாள் ஷாட்டையும் இரண்டாம் நாள் ஷாட்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரே பெண்ணுக்கு இரண்டு நிறம். முதல் காலையிலிருந்தே சன்ஸ்க்ரீன், உதட்டுக்கு வாசலின் கட்டாயம். மேக்கப் பையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் அது உறைந்து கட்டியாகத்தான் இருக்கும், உள்சட்டைப் பையில் வைத்து உருக்கிக்கொள்ள வேண்டும்.

தேயிலைத் தோட்டம் மாறாமல் நிற்கும் பின்னணி என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பறிப்புக்குத் தயாரான வயலின் மேல்தட்டில் இளங்கொழுந்து மஞ்சள் கலந்த வெளிர்பச்சையாக ஒரு விரல் உயரத்துக்கு நிற்கும், எதிர்வெயிலில் அது ஒளிரும். பறித்து முடித்த மறுநாள் அதே வயல் கரும்பச்சையாக, தட்டையாக, வெட்டிவிட்ட வேலிபோல் தெரியும். பருவத்தைப் பொறுத்து ஏழு முதல் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று பறிப்பார்கள். இந்தச் சனிக்கிழமை பாதிக் காட்சி, அடுத்த சனிக்கிழமை மீதி என்று ஷெட்யூல் போட்டால் இடையில் பறிப்பு நடந்து இரண்டும் வேறு தோட்டமாகிவிடும். எஸ்டேட்டில் ஒவ்வொரு வயலுக்கும் எண் உண்டு. மேஸ்திரியிடம் 'இந்த நம்பருக்கு அடுத்த ரவுண்டு எப்போது, கவாத்து எப்போது, மருந்தடிப்பு எப்போது' என்று மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொண்டால் போதும். கவாத்து செய்த வயல் சில மாதங்களுக்கு வெறும் குச்சிக்காடாகத்தான் இருக்கும். ஆறு மாதம் முன்பு யாரோ எடுத்துப் போட்ட படத்தை நம்பி வந்தால் அந்தக் குச்சிக்காட்டின் முன்தான் நிற்க வேண்டிவரும். மருந்தடித்த வயலுக்குள் மேஸ்திரி சொல்லும்வரை யாரையும் இறக்கக்கூடாது.

வெயில் எப்போது போகும் என்பதைச் செல்போனில் வரும் சூரிய அஸ்தமன நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுகிறார்கள். அது தட்டையான அடிவானத்துக்கான நேரம். மலையில் மேற்கே ஒரு முகடு நிற்கும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரம் சுமார் 10 டிகிரி. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும், நம் பக்கத்தில் ஏறக்குறைய செங்குத்தாகவே இறங்கும். ஆகவே அடிவானத்திலிருந்து முகடுவரை ஒரு முஷ்டி என்றால் 40 நிமிட வெயில் போயிற்று. ஜனவரி நடுவில் உதகையில் அஸ்தமனம் ஆறேகால் வாக்கில். மேற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் முகடு இருந்தால் ஐந்து மணிக்கே நிழல் விழுந்துவிடும். கிழக்கே முகடு இருந்தால் காலையிலும் அதே கணக்கு. இடம் பார்க்கப் போகும் மாணவர் தாளில் எழுத வேண்டிய முதல் இரண்டு எண்கள் இவை.

வெயில் இருக்கும்போது அடுத்த சிக்கல், லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் இல்லாமல் வருவது. கணக்கு எளிது. பளீர் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/50 என்றால் லென்ஸ் எஃப் 22இல் இருக்க வேண்டும். பின்னணி மங்கலாக வேண்டும் என்று எஃப் 4க்குத் திறந்தால் ஐந்து ஸ்டாப் அதிகம், அதற்கு என்.டி. 32. நிறத்தைப் பிறகு திருத்த வசதியாக வெளிறிய படமாகப் பதியும் லாக் முறையில் எடுக்கும் பல கேமராக்கள் ஐ.எஸ்.ஓ. 800க்குக் கீழே இறங்காது, மேலும் மூன்று ஸ்டாப், என்.டி. 256. ஃபில்டர் இல்லாத மாணவர் ஷட்டரை 1/2000க்கு ஏற்றுவார். நடை வெட்டிவெட்டித் தெரியும், தேயிலை இலைகள் கொத்துக்கொத்தாகத் துடிக்கும். மலிவான வேரியபிள் ஃபில்டரை அகல லென்ஸில் முழுதாகத் திருகினால் வானத்தில் குறுக்கே கருப்புப் பட்டை வரும். நிலையான ஃபில்டர்கள் இரண்டை வாடகைக்கு எடுப்பது நல்லது. மேகம் வந்தால் ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம்.

லென்ஸில் நீர் கோப்பது பெரும்பாலும் வீட்டுக்குள் நுழையும்போதுதான். விடிகாலை வெளியே ஐந்தாறு டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்த கேமராவை, அடுப்பெரியும் சமையலறைக்குள் அப்படியே கொண்டுபோனால் முன்கண்ணாடியில் மட்டுமின்றி உள்ளேயும் ஆவி படியும். துடைத்தால் வெளிப்புறம்தான் போகும். வாசலிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, அரை மணி நேரம் உள்ளே வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். ஆவி பையின் வெளிப்புறத்தில் படிந்து வடிந்துவிடும். அந்த அரை மணி நேரத்தை ஷெட்யூலில் 'லைட்டிங்' என்று போட்டுக்கொண்டால் நேரம் வீணாகாது. ஹேர் டிரையர் கூடவே கூடாது. பேட்டரி குளிரில் சீக்கிரம் தளரும் என்பதால் மாற்று பேட்டரிகள் உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும். கீழே மூன்று போதும் என்றால் மேலே ஐந்து.

இனி ஒலி. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மலை அமைதியான இடம் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான குறும்படங்கள் கெடுகின்றன. பார்வைக்கு அழகான வீடு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருந்தால், ஏறும் வண்டி ஒவ்வொன்றும் ஹார்ன் அடித்தே தீரும், கியர் மாற்றும் உறுமலும் வரும். தேயிலைத் தொழிற்சாலைக்கு அருகிலுள்ள வீடு பகலில் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் கொழுந்தை வாட்டும் பெரிய மின்விசிறிகள் பறிப்புப் பருவத்தில் இரவு முழுக்க ஓடும், இரவுக் காட்சி முழுவதிலும் அடியில் ஒரு முழக்கம் இருக்கும். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பக்கம் விடிகாலையில் கேரட் கழுவும் இயந்திரமும் காய்கறி லாரியும். சோலைக்காட்டு ஓரத்தில் அந்தி நேரத்தில் சில்வண்டு. அதன் இரைச்சல் 'ச', 'ஸ' போன்ற ஓசைகள் இருக்கும் அதே உயர் அலைவரிசையில் கிடப்பதால், சாஃப்ட்வேரில் அதை நீக்கினால் பேச்சும் மழுங்கிவிடும். தகரக் கூரையில் தூறல் விழுந்தால் அந்த வீட்டுக்குள் வசனமே எடுக்க முடியாது.

ஆகவே இடம் பார்க்கும் நாளில் காட்சி எடுக்கப்போகும் அதே மணிக்கு அங்கே நின்று, செல்போனிலாவது பத்து நிமிடம் ஒலி பதிவு செய்து ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள். காதால் கேட்டால் போதாது, பிடித்த இடத்தின் அழகில் காது பலவற்றை விட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு செவ்வாய்க்கிழமை எடுப்பதும் பயனில்லை. ஞாயிறு தோட்டத்தில் வேலை இல்லை, செவ்வாயன்று கொழுந்து வெட்டும் இயந்திரம் எதிர்ச்சரிவில் ஓடும். பேருந்து நிறுத்தத்தில் நேர அட்டவணையைக் கேட்டு எழுதிக்கொண்டால் இரண்டு பேருந்துக்கு இடையில் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். வசனக் காட்சிகளை அந்த இடைவெளிக்குள் வைக்கலாம்.

மலைக்கென்று உள்ள இன்னொரு தொல்லை உடை. நைலான் விண்ட்சீட்டர் அசைந்தாலே சரசரக்கும். கம்பளி ஸ்வெட்டருக்குள் காலர் மைக்கை மறைத்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் உரசும். நடிப்பவருக்குப் பருத்திச் சால்வையோ பழகிய ஃபிளானல் சட்டையோ கொடுத்து, உள்ளே தெர்மல் பனியன் போட்டுக்கொள்ளச் சொல்லலாம். மைக்கின் இரு பக்கமும் மருத்துவ டேப்பைக் கூம்பாக மடித்து ஒட்டித் துணி அசையாமல் நிறுத்த வேண்டும். வெளியே பூம் மைக்குக்கு ஃபோம் உறை மட்டும் போதாது, முடியுறையும் வேண்டும். அப்படியும் மைக் வாயிலிருந்து இரண்டடிக்குள் இருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுத்து, வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி வைத்தால் திடீரென்று கத்தினாலும் உடையாது. ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிட ஆம்பியன்ஸ், அதாவது அந்த இடத்தின் வெறும் பின்னணி ஓசை, எடுத்துவிட்டுத்தான் பேக்கப் சொல்ல வேண்டும். சில்வண்டு ஓசை ஒரு ஷாட்டில் இருந்து அடுத்ததில் இல்லாமல் போனால் அதை மூட உதவுவது அந்த ஒரு நிமிடம்தான். பட்ஜெட்டில் கேமரா வாடகையைக் குறைத்தாவது ஒலிப்பதிவுக்குத் தனி ஆள் வைக்கச் சொல்லுங்கள். படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. பழைய பங்களாக்களிலும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீடுகளிலும் சாதாரணப் பிளக் 5 ஆம்பியர், 230 வோல்ட்டில் 1,150 வாட். 200 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று தாங்கும். அதே மின்சுற்றில் யாராவது ரூம் ஹீட்டர் போட்டால் ஃபியூஸ் போய்விடும். எந்தப் பிளக் எந்த மின்சுற்று என்று முந்தைய நாளே பார்க்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா மெனுவில் என்.டி.எஸ்.சி. (NTSC) என்று இருந்தால் பி.ஏ.எல். (PAL) என மாற்றி 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் வைத்தால் வீட்டு விளக்குகள் துடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். இரவில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்து, திறந்து பார்த்து, அந்த இரண்டையும் வெவ்வேறு ஆள் பையில் வைத்த பிறகே கார்டை அழிக்க வேண்டும்.

அனுமதி என்றால் 'கலெக்டர் ஆபீசில் ஒரு லெட்டர்' என்று நினைத்து வருகிறார்கள். இந்த மாவட்டத்தில் முதல் கேள்வி, நிலம் யாருடையது என்பதே. உதகை தாவரவியல் பூங்கா, குன்னூர் சிம்ஸ் பூங்கா போன்றவை தோட்டக்கலைத் துறை. காப்புக்காடும் பைன் காடுகளும் வனத்துறை. தேயிலை தனியார் எஸ்டேட்டாக இருக்கலாம், சிறு விவசாயி நிலமாக இருக்கலாம், அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயாகவும் இருக்கலாம். ஒரே சாலையின் இரு பக்கமும் வேறு வேறு உரிமை இருக்கும். மலை ரயிலும் அதன் நிலையங்களும் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான பாதை அது, பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ட்ரைபாடு விரிக்க முடியாது. வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, இவற்றின் அருகே கேமராவை எடுக்கவே வேண்டாம். டிரோன் கொண்டுவருவதானால் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் டிரோன் இணையதள வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும், வனப்பகுதியில் பறக்கவிடவே கூடாது. இன்னொன்று, பல டிரோன்களில் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படும். சரிவின் கீழிருந்து ஏற்றி மேல்நோக்கி ஓட்டினால், திரையில் 60 மீட்டர் என்று காட்டும்போதே எதிரே சில்வர் ஓக் மரம் நிற்கும். தானாகத் திரும்பிவரும் உயரத்தை முகட்டைவிட அதிகமாக வைக்காமல் பறக்கவிடக் கூடாது.

வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் வந்தது இது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை சனிக்கிழமை காலை பாஸ் கிடைக்கும் என்று நம்பிக் கால்ஷீட் கொடுக்க வேண்டாம். அரசுப் பேருந்தில் ஏறிவந்து மேலே உள்ளூர் வண்டி பிடிப்பது சிறிய யூனிட்டுக்கு மலிவு, நீலகிரிப் பதிவெண் வண்டிக்குப் பாஸ் தேவையில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை. தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில், சாப்பாட்டுக்கு எவர்சில்வர் தட்டு. தூரத்தைக் கிலோமீட்டரில் எண்ணாமல் நிமிடத்தில் எண்ணச் சொல்லுங்கள். உதகையிலிருந்து கோத்தகிரி சுமார் 30 கிலோமீட்டர்தான், காலியான சாலையிலும் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஒரே நாளில் இரண்டு ஊரில் காட்சி வைத்தால் பாதி வெயில் சாலையில் போய்விடும்.

மனிதர்கள் விஷயத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்களை 'பின்னணியில் கொஞ்சம் நில்லுங்கக்கா' என்று நிறுத்துவது சாதாரணமாக நடக்கிறது. அவர்களுக்குப் பறித்த எடைக்கு ஏற்ப ஊக்கத்தொகை உண்டு. காலை வேளையில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் அன்றைய எடையில் அது குறையும், மேஸ்திரியிடம் பேச்சும் வாங்குவார்கள். நிர்வாகத்தின் அனுமதி இருந்தால் மட்டும் போதாது. முந்தைய நாளே அவர்களிடம் கேட்டு, என்ன காட்சி, முகம் தெரியுமா, எவ்வளவு நேரம் என்று சொல்லி, அரை நாள் கூலியாவது கையில் கொடுத்துப் படமெடுக்க வேண்டும். இந்தத் தொகை பட்ஜெட்டில் தனி வரியாக இல்லாத கதைக்கு ஒப்புதல் தர வேண்டாம்.

படகர் ஊரான ஹட்டியில் எடுப்பதானால் ஊர்த்தலைவரைப் பார்த்து, ஊர்ப் பெரியவர்கள் காதில் போட்டுவிட்டுத்தான் கேமராவைத் திறக்க வேண்டும். டிசம்பர் கடைசி, ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழா நேரத்தில் கேட்கவே வேண்டாம். தோடர் குடியிருப்பான மந்துக்குள் சொல்லாமல் நுழைவதும், அவர்கள் கோவிலைச் சுற்றியுள்ள எல்லைக்குள் கால்வைப்பதும் பெரிய அவமதிப்பு. அவர்களுடைய பூவேலைச் சால்வையை வாங்கி 'பழங்குடிப் பெண்' என்று யாரோ ஒரு நடிகைக்குப் போர்த்தும் கதைகளை வகுப்பறையிலேயே நிறுத்திவிடுங்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் தேயிலைக்குள் வேலை வேண்டாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடியும் காட்டெருமையும் தோட்டத்துக்குள் நடமாடும் நேரம் அது. செடிக்குள் படுத்திருக்கும் காட்டெருமை பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. மீந்த சாப்பாட்டை அங்கே கொட்டினால் மறுநாள் அந்த லைன் வீட்டுக்குக் கரடி வரும், நாம் போன பிறகு. இரவுக் காட்சிகளை வீட்டு முற்றத்தில் வைக்க முடியாத கதையை மாற்றி எழுதத்தான் வேண்டும்.

நாங்கள் கேட்கும் தாள் இரண்டு பக்கம் போதும். ஒவ்வொரு காட்சிக்கும் நிலத்தின் உரிமையாளர், அனுமதி கேட்ட தேதி, கிழக்கு மேற்கு முகடு எத்தனை முஷ்டி, காட்சி நேரத்தில் பதிவு செய்த பத்து நிமிட ஒலி, அடுத்த பறிப்பு எப்போது, பிளக் எத்தனை ஆம்பியர், மழை வந்தால் அதே நாளில் எடுக்கக்கூடிய உட்புறக் காட்சி எது, பக்கத்து மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம். இதை நிரப்ப ஒருவர் ஒரு முறை வந்து இரண்டு நாள் தங்கினால் போதும், முழு யூனிட் வர வேண்டியதில்லை. தாள் கையில் இருந்தால் பத்து நிமிடப் படத்தை நாளொன்றுக்குத் திரைக்கதையில் மூன்று பக்கம் வீதம் நாலு நாளில் முடிக்கலாம், பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை மழைக்கென்று ஒதுக்கவும் முடியும். கீழே நாளுக்கு ஐந்தாறு பக்கம் எடுத்துப் பழகியவர்கள் மலையிலும் அதையே போட்டுக்கொண்டு வருவதுதான் இரவு பதினொரு மணிவரை நீண்டு, ஒருவருக்கொருவர் சண்டையில் முடிகிறது.

உங்கள் அட்டவணையிலும் ஒரு மாற்றம் கேட்கிறோம். கதை ஒப்புதல் டிசம்பரிலும் படம் ஒப்படைப்பு மார்ச்சிலும் இருந்தால் இடம் பார்க்க நாளே இல்லை. இடத்தாளை அக்டோபர் விடுமுறையில் நிரப்பி, நவம்பரில் கதையோடு சேர்த்துப் பார்த்தால் ஜனவரியில் படப்பிடிப்பு நடத்தலாம். அக்டோபரில் பார்த்த வயல் ஜனவரியில் வேறு மாதிரி இருக்கும் என்பதால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மேஸ்திரிக்கு ஒரு போன் போடட்டும். இடம் பார்த்துவிட்டு 'இந்தக் கதைக்கு மலை வேண்டாம், எங்கள் ஊர் வாய்க்கால் கரையே போதும்' என்று முடிவெடுக்கும் மாணவருக்கும் அந்தத் தாளுக்கான முழு மதிப்பெண்ணைக் கொடுங்கள்.

ஒரு காலத்தில் நாட்டுக்கே கருப்பு வெள்ளைப் படச்சுருள் செய்து கொடுத்த ஆலை உதகை இந்து நகரில் இருந்தது. இங்கே படம் எடுக்க வரும் பிள்ளைகளை ஊர் விரும்பியே வரவேற்கிறது. அடுத்த கல்வியாண்டின் முதல் துறைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை வைத்துப் பேசுங்கள். தாளின் மாதிரியைத் தயாரிக்கவும், வகுப்புக்கு வந்து அரை நாள் விளக்கவும் எங்களில் ஒலிப்பதிவாளரும் கேமரா உதவியாளரும் தயாராக இருக்கிறார்கள். பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் போதும்.

இப்படிக்கு,
குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரப் படப்பிடிப்புப் பணியாளர்கள்